நடிகர்களுக்கான அசைவு இம்ப்ரவைசேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடிப்பு கற்க வருபவர்களும் நாடகக் குழு நடத்துபவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரியில் பதில் முடிந்துவிடும். சிலவற்றை அப்படிச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

அசைவு இம்ப்ரவைசேஷன் என்றால் என்ன? நடனமா, நாடக விளையாட்டா?

முன்கூட்டி அமைத்துக்கொள்ளாமல் அசைவது. அடுத்து என்ன செய்வது என்ற திட்டத்தை ஒதுக்கிவிட்டு, இப்போது உங்கள் உடலிலும் எதிரே நிற்பவரிடமும் அறையிலும் நடப்பதைக் கவனித்து, அதற்குப் பதிலாக உடலை நகர்த்துவது.

நடனக் கலைஞர்கள் சிலர் இதையே மேடையில் நிகழ்த்துகிறார்கள். நடிகர்களுக்கோ இது பெரும்பாலும் பயிற்சி அறையிலேயே நின்றுவிடும். பார்வையாளர் காண்பது அதன் விளைவை மட்டும்தான். வசனம் பேசிக் கதை கட்டும் நாடக இம்ப்ரோவுக்கும் இதற்கும் தொடங்கும் இடம் வேறு. அங்கே ‘நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன வேண்டும்’ என்று ஆரம்பிப்பார்கள். இங்கே அந்தக் கேள்விகளைக் கொஞ்ச நேரம் தள்ளிவைத்துவிட்டு எடை, வேகம், தூரம், திசை, மூச்சு ஆகியவற்றிலிருந்து தொடங்குகிறோம். கதை வந்தால் வரட்டும். அதைத் தேடிப் போவதில்லை.

வசனமும் உணர்ச்சியும்தானே நடிப்பு? உடலுக்கு இவ்வளவு நேரம் ஏன்?

வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு வரும் நடிகரிடம் ஒரு கோளாறு அடிக்கடி தென்படும். எதிரே இருப்பவர் கோபமாகக் கேட்டாலும் கெஞ்சிக் கேட்டாலும் இவருடைய பதில் ஒரே தொனியில்தான் வரும். அந்தப் பதிலை அவர் முந்தின நாளே முடிவுசெய்துவிட்டார். எதிரில் இருப்பவர் அவருக்கு, தன் முறை வருவதை அறிவிக்கும் மணி மட்டுமே.

சொற்களை எடுத்துவிட்டால் இந்த மறைவிடம் போய்விடும். நீங்கள் எதிரில் இருப்பவரைக் கவனிக்கிறீர்களா இல்லையா என்பது அரை நிமிடத்தில் அறைக்கே தெரிந்துவிடும். அதனால்தான் இந்தப் பயிற்சியை நான் கவனத்துக்கான பயிற்சி என்கிறேன். உடல் வளைந்துகொடுப்பது, தெம்பு கூடுவது எல்லாம் கூடவே வரும் நன்மைகள்.

நடிப்புப் பயிற்சியின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. ரஷ்ய நாடக இயக்குநரும் நடிப்பு ஆசிரியருமான ஸ்டானிஸ்லாவ்ஸ்கி 1938-இல் மறைந்தார். தன் கடைசி ஆண்டுகளில் அவர், நடிகர்களை வசனத்தை மனப்பாடம் செய்வதற்கு முன்பே எழுந்து நிற்கவைத்து, காட்சியின் சூழலைத் தங்கள் சொந்தச் செயல்களாலும் சொந்தச் சொற்களாலும் இம்ப்ரவைஸ் செய்யச் சொன்னார். உணர்ச்சியை நேரடியாக வரவழைக்க முடியாது. செயலைச் செய்யலாம், செயல் உணர்ச்சியை அழைத்துவரும் என்பது அவர் வந்துசேர்ந்த முடிவு. பாரிஸில் 1913-இல் வியூ கொலம்பியே அரங்கைத் தொடங்கிய ழாக் கோப்போ, ஒத்திகையில் இறுகிப்போன ஒரு நடிகையின் முகத்தைக் கைக்குட்டையால் மூடினார்; முகம் மறைந்ததும் உடல் தளர்ந்து பேசத் தொடங்கியது. பின்னாளில் நடுநிலை முகமூடிப் பயிற்சி (எந்த உணர்ச்சியும் காட்டாத முகமூடி அணிந்து அசைவது) வளர்ந்த விதை அங்கே இருக்கிறது.

ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். ரஷ்ய இயக்குநர் மேயர்ஹோல்ட் 1920-களில் வளர்த்த பயோமெக்கானிக்ஸ் பயிற்சிகள் (அம்பு எய்தல், கல் எறிதல், அறைதல் போன்றவை) அசைவு அசைவாக அமைக்கப்பட்டவை. அவை இம்ப்ரவைசேஷன் அல்ல. நல்ல நடிகருக்கு இரண்டும் வேண்டும்: துல்லியத்துக்கு அமைத்த பயிற்சி, விழிப்புக்கு அமைக்காத பயிற்சி. ஒன்றை மட்டும் செய்பவர்களிடம் மற்றொன்றின் குறை தெரியும்.

நான் நடனமே கற்றதில்லை. எனக்கு வருமா?

வரும். நடனம் கற்றவர்கள் அழகான வடிவங்களுக்குத் தாமாகவே போய்விடுவார்கள். அதிலிருந்து அவர்களை வெளியே கொண்டுவர நேரம் பிடிக்கும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நடக்க, உட்கார, திரும்ப, நிற்கத் தெரிந்தால் தொடங்கப் போதும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் ஊன்றுகோல் பயன்படுத்துபவர்களும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. அவர்களுக்கும் அதே பதில்தான். 1991-இல் லண்டனில் செலஸ்ட் டான்டெக்கரும் ஆடம் பெஞ்சமினும் தொடங்கிய கேன்டூகோ குழுவில், உடல் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்தே ஆடினார்கள். டான்டெக்கர் மேடையில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட நடனக் கலைஞர். ‘எல்லோரும் ஓடுங்கள்’ என்ற கட்டளையை ‘எல்லோரும் வேகத்தை மாற்றுங்கள்’ என்று பயிற்றுநர் மாற்றிச் சொன்னாலே பாதிக் கதவு திறந்துவிடும்.

முதல் வகுப்பில் என்ன நடக்கும்?

பெரும்பாலான இடங்களில் நடையிலிருந்துதான் தொடங்கும். அறை முழுவதும் எல்லோரும் நடப்பார்கள். யாரும் யாரையும் இடிக்காமல், அறையின் எந்த மூலையும் காலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால், பலர் தரையைப் பார்த்தபடி வட்டமாக ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அதைக் கவனித்துத் திசையை மாற்றுவதே முதல் பாடம்.

அடுத்து, பயிற்றுநர் கட்டளை இடாமல் குழுவே ஒன்றாக நிற்க வேண்டும். மறுபடி ஒன்றாகக் கிளம்ப வேண்டும். யார் முதலில் நின்றார் என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு ஒன்றாக. ஆரம்பத்தில் ஒருவர் நிற்பார், மற்றவர்கள் அலைபோல ஒவ்வொருவராக நிற்பார்கள். சில நாட்களில் அந்த இடைவெளி குறையும். அது குறைவதற்குக் காரணம், ஓரக்கண்ணால் பார்ப்பதையும் காலடிச் சத்தத்தைக் கேட்பதையும் முதுகுக்குப் பின்னால் ஒருவர் இருப்பதை உணர்வதையும் உடல் கற்றுக்கொள்வதுதான். மேடையில் சக நடிகர் ஒரு நொடி தடுமாறும்போது அதைத் தாங்கிப் பிடிக்க உதவும் திறனும் இதுவே.

பிறகு உடலின் ஒரு பகுதி மட்டும் வழிநடத்த அசைவது. மூக்கு முன்னே போகிறது, உடல் பின்தொடர்கிறது. இப்போது இடுப்பு. இப்போது முழங்கை. ஒவ்வொன்றுக்கும் வேறொரு மனிதர் உங்களிடம் எட்டிப் பார்ப்பார். நெஞ்சை முன்னே விட்டு நடப்பவருக்கும் வயிற்றை முன்னே விட்டு நடப்பவருக்கும் உலகம் ஒரே மாதிரி தெரிவதில்லை. இதில் யாரையும் நடித்துக் காட்ட வேண்டாம் என்று நான் வலியுறுத்துவேன். மூக்கு போகட்டும், அவ்வளவுதான். ஆள் தானாக வருவார்.

மனசுக்குத் தோன்றியதைச் செய்வதுதானே இம்ப்ரவைசேஷன்? இதில் விதி எதற்கு?

‘உங்கள் விருப்பம்போல் அசையுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். அறையில் இருக்கும் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே செய்வார்கள்: கைகளை மேலே தூக்கிச் சுழல்வார்கள், தரையில் உருள்வார்கள், கண்களை மூடிக்கொள்வார்கள். முழுச் சுதந்திரம் கொடுத்ததும் பழக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

‘உடலின் மூன்று இடங்கள் எப்போதும் தரையைத் தொட்டிருக்க வேண்டும், அந்த மூன்றும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்’ என்று சொல்லுங்கள். இப்போது மனம் கணக்குப் போடுவதில் மும்முரமாகிவிடும். அழகாகத் தெரிகிறதா என்று யோசிக்க அதற்கு நேரமில்லை. யாரும் முன்பு செய்திராத வடிவங்கள் அங்கே பிறக்கும். செய்பவருக்கே அது தெரியாது.

இந்த வகை விதித்தொகுப்பை ஸ்கோர் என்பார்கள். அமெரிக்காவில் நடனக் கலைஞர் அன்னா ஹால்ப்ரின், அழகியலைப் பின்னுக்குத் தள்ளி எளிய வேலைகளைக் கொடுத்து அசைவைத் தேடினார். அவருடைய 1960-ஆம் ஆண்டுப் பட்டறைக்குச் சென்றவர்களில் சிலர், 1962-இல் நியூயார்க்கின் ஜட்சன் தேவாலயத்தில் தொடங்கிய புதிய நடன முயற்சியில் முன்னணியில் நின்றார்கள். சுமப்பது, நடப்பது, விழுவது போன்ற அன்றாடச் செயல்கள் மேடைக்கு வந்த வழி அது.

நல்ல ஸ்கோர் ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்கும். இரண்டு விதிகள் போதும், மூன்றைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் நடிகர் விதிகளை நினைவில் வைத்திருப்பதையே நடித்துக்கொண்டிருப்பார்.

என்ன செய்வதென்றே தோன்றாமல் உறைந்துபோகிறேன்.

அப்படியே நில்லுங்கள். நிற்பதும் ஒரு தேர்வுதான். ஆனால் விறைத்து நிற்காமல், நிற்பதைக் கவனித்தபடி நில்லுங்கள். அமெரிக்க நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் தன் மாணவர்களை வெகுநேரம் அசையாமல் நிற்கவைப்பார். நிமிர்ந்து நிற்கும் உடலுக்குள் சமநிலைக்காக நடக்கும் நுண்ணிய அசைவுகளைக் கவனிக்கும் அந்தப் பயிற்சிக்குச் ‘சின்ன நடனம்’ என்று பெயர். பாதத்தின் எடை குதிகாலிலிருந்து விரலுக்குப் போவதைக் கவனித்தாலே அடுத்த அசைவு தொடங்கிவிட்டிருக்கும்.

உறைவதற்குப் பெரும்பாலும் காரணம், எதுவும் தோன்றாதது இல்லை. தோன்றியதை எல்லாம் ‘இது சாதாரணம்’ என்று தள்ளிவிடுவது. நாடக இம்ப்ரோ ஆசிரியர் கீத் ஜான்ஸ்டன் தன் மாணவர்களிடம் மறுபடி மறுபடி வலியுறுத்தியது, புதுமையாக இருக்க முயலாதீர்கள், கண்ணெதிரே தெரிவதைச் செய்யுங்கள் என்பதைத்தான். உங்களுக்குச் சாதாரணமாகத் தெரிவது பார்ப்பவருக்கு அப்படித் தெரிவதில்லை.

திரும்பத் திரும்ப ஒரே அசைவுகள்தான் வருகின்றன. எப்படி வெளியே வருவது?

இந்தக் கேள்வி வந்துவிட்டால் பயிற்சி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள். தன் பழக்கம் தனக்கே தெரிவது பெரிய முன்னேற்றம். பழக்கத்தைத் திட்டுவதில் பயனில்லை. அதன் உறுப்புகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

இதற்கு அசைவை ஆராய்ந்த நடனக் கலைஞர் ருடால்ஃப் லாபான் (1879–1958) தந்த கருவியைவிடப் பயனுள்ளதை நான் பார்த்ததில்லை. அசைவின் தன்மையை அவர் நான்கு கூறுகளாகப் பார்த்தார்: எடை, நேரம், வெளி, ஓட்டம். எடை கனமா, மென்மையா? நேரம் சட்டென்றா, நீடித்தா? வெளி நேராகக் குறியை நோக்கியா, பல பக்கமும் சிதறியா? ஓட்டம் கட்டுப்பட்டதா, கட்டற்றதா? முதல் மூன்றையும் சேர்த்தால் எட்டுச் செயல்கள் கிடைக்கும். கனம், சட்டென்று, நேராக: குத்துதல். அதையே நீட்டித்தால் அழுத்துதல். கனம், சட்டென்று, சிதறி: வீசியடித்தல். அதையே நீட்டித்தால் முறுக்கிப் பிழிதல். மென்மையின் பக்கம் வந்தால் தொட்டெடுத்தல், வழுக்கிச் செல்லுதல், சுண்டிவிடுதல், மிதத்தல்.

இப்போது உங்கள் பழக்கம் எது என்று பாருங்கள். உதாரணமாக, பதற்றமான நடிகர்கள் பலர் சுண்டிவிடுவதிலேயே வாழ்வார்கள். கைகள் மென்மையாக, சட்டென்று, எங்கும் போய் நிற்காமல் பறக்கும். அவரிடம் ‘பதறாதீர்கள்’ என்று சொன்னால் இன்னும் பதறுவார். ‘நேரத்தை மட்டும் மாற்றுங்கள், மற்றவை அப்படியே இருக்கட்டும்’ என்று சொன்னால் சுண்டல் மிதத்தலாக மாறும். ஒரே ஒரு கூறைத் திருப்பியதில் அறையே வேறாகத் தெரியும். பிறகு எடையைத் திருப்பலாம். இப்படி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றும் பொறுமை இருந்தால், ஒரு நடிகர் தான் போகவே மாட்டேன் என்று நினைத்த இடங்களுக்கும் போய்வருவார்.

எட்டையும் அட்டவணையாக மனப்பாடம் செய்து பாத்திரத்துக்கு ஒன்று என ஒட்டவைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ‘வில்லன் என்றால் அழுத்துதல்’ என்று முடிவுகட்டிவிட்டால் தேடல் அதோடு நின்றுவிடும்.

லெகாக், வியூபாயிண்ட்ஸ், கான்டாக்ட் என்று பல பெயர்கள் காதில் விழுகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்களுக்கு எது குறைகிறது என்பதைப் பொறுத்தது.

உடல்கல்விப் பின்னணியிலிருந்து வந்த ழாக் லெகாக் 1956-இல் பாரிஸில் பள்ளி தொடங்கினார். சிற்பி அம்லேத்தோ சர்த்தோரி தோலில் செய்துகொடுத்த நடுநிலை முகமூடி அவருடைய பயிற்சியின் அடித்தளம். அந்த முகமூடிக்குச் சிரிப்பும் இல்லை, சோகமும் இல்லை. அதை அணிந்து, முதன்முறையாக விழித்தெழுவதுபோல் எழ வேண்டும். கடலைப் பார்க்க வேண்டும். தண்ணீராக, நெருப்பாக அசைய வேண்டும். முகத்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. முகம் இல்லாதபோது முதுகுத்தண்டு என்ன பொய் சொல்கிறது என்பது வெளியே வந்துவிடும்.

வியூபாயிண்ட்ஸ், குழுவாகச் செய்யும் பயிற்சி. நடனக் கலைஞர் மேரி ஓவர்லி மேடையின் மூலப்பொருள்களை வெளி, வடிவம், நேரம், உணர்ச்சி, அசைவு, கதை என ஆறாகப் பிரித்தார். நாடக இயக்குநர்கள் ஆன் போகார்ட்டும் டீனா லான்டாவும் அதிலிருந்து வேகம், கால அளவு, பிறர் அசைவுக்கு உடலின் உடனடிப் பதில், திரும்பச் செய்தல், வடிவம், சைகை, கட்டிடம், இருவருக்கு இடையிலான தூரம், தரையில் நடந்துபோகும் பாதை என ஒன்பதை வளர்த்தெடுத்தார்கள். குழுவில் ஒருவர் மட்டும் எப்போதும் தனித்துத் தெரிகிறார் என்றாலோ, எல்லோரும் எப்போதும் நடுமேடையில் குவிகிறார்கள் என்றாலோ இதைத் தேடிப் போங்கள். சுவரும் தூணும் சன்னலும்கூடச் சக நடிகர்கள் என்பதை இது கற்றுத்தரும்.

கான்டாக்ட் இம்ப்ரவைசேஷன் 1972-இல் பாக்ஸ்டன் தொடங்கியது. இரண்டு உடல்கள் தொடும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி நகரும்போது எடையைக் கொடுப்பதும் வாங்குவதும், விழுவதும் தாங்குவதும். மேடையில் எதிராளியை அணைக்கும்போதோ தள்ளும்போதோ பொம்மைபோலத் தெரிபவர்களுக்கு எடையின் உண்மையை இது சொல்லிக்கொடுக்கும். ஆனால் முதல் வாரத்திலேயே இதில் இறங்கக் கூடாது.

தொடும் பயிற்சிகளில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. மறுத்தால் தவறாக நினைப்பார்களா?

மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. ‘நடிகர் என்றால் எதற்கும் தயாராக இருக்க வேண்டும்’ என்று நெடுங்காலமாகப் பயிற்சி அறைகளில் சொல்லிவந்தார்கள். அந்த வாக்கியத்தின் மறைவில் நிறைய அத்துமீறல் நடந்திருக்கிறது. இப்போது உலகம் முழுவதும் படப்பிடிப்புகளிலும் மேடைகளிலும் நெருக்கமான காட்சிகளை ஒருங்கிணைக்கத் தனி வல்லுநர்கள் வந்துவிட்டார்கள். பயிற்சி அறைக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

தொடுதல் உள்ள எந்தப் பயிற்சிக்கும் முன்பு ஒவ்வொருவரும் தம் இணையிடம் எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நேற்றுச் சரி என்றது இன்றும் சரி என்று ஆகாது. நடுவில் நிறுத்த ஒரு சொல்லை எல்லோரும் முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும். யார் சொன்னாலும் உடனே நிற்க வேண்டும். தொடாமலே அதே பயிற்சியைச் செய்ய ஒரு வழி எப்போதும் இருக்கும்: உள்ளங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியைக் காப்பாற்றியபடி நகர்ந்து பாருங்கள். அந்தக் கவனம் தொடுவதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

மறுத்தவரைக் கேலி செய்கிற, அல்லது எல்லோர் முன்னிலையிலும் விளக்கம் கேட்கிற பயிற்றுநரின் வகுப்பிலிருந்து வெளியேறிவிடுங்கள். அவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் சரி.

காயம் படாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

உடலைச் சூடேற்றாமல் தொடங்காதீர்கள். வழுக்கும் சாக்ஸ் வேண்டாம். வெறுங்காலோ பிடிப்புள்ள மெல்லிய காலணியோ நல்லது. மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். தரைக்குப் போகும்போது முழங்காலை நேராக மோதாமல் தொடை, இடுப்பு, முதுகு என்று சதைப்பிடிப்புள்ள பகுதிகளில் எடையைப் பரப்புங்கள். கான்கிரீட் தரையில் குதிக்கும் பயிற்சிகள் வேண்டவே வேண்டாம். கண்களை மூடிச் செய்யும் பயிற்சிகளில் வேகம் கூடக் கூடாது. ஓரத்தில் ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும்.

பயிற்சியின் நடுவே அழுகை வந்துவிட்டது. இது இயல்பா?

இயல்புதான். மூச்சும் தசையும் இளகும்போது உணர்ச்சியும் சேர்ந்து இளகும். அழுகை வந்தால் வரட்டும். நிறுத்திக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தாலும் சரி. அதைச் சாதனையாகக் கொண்டாடும் பயிற்றுநர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் அழுததும் கைதட்டினால், அடுத்த நாள் மற்றவர்களும் அழ முயல்வார்கள். இது சிகிச்சை அறை இல்லை. பழைய துயரம் ஏதாவது கிளர்ந்து, வகுப்புக்கு வெளியேயும் தொடர்ந்தால் மனநல வல்லுநரிடம் போவதே சரி. பயிற்றுநர் அந்த வேலையைக் கையில் எடுக்கக் கூடாது.

இசை போடலாமா?

ஆரம்பத்தில் வேண்டாம். இசை வந்தால் உடல் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும், சக மனிதரை விட்டுவிடும். காலடியும் மூச்சும் போதிய இசைதான். பிறகு சேர்க்கும்போது, இசைக்கு எதிராக அசைவதையும் பயிற்சியாக வையுங்கள்.

கண்ணாடி முன் செய்யலாமா? வீடியோ எடுக்கலாமா?

கண்ணாடியை மூடிவிடுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கவனிக்க வேண்டியவர் வெளியே எப்படித் தெரிகிறது என்று பார்க்கத் தொடங்கிவிடுவார். வீடியோ எப்போதாவது பயன்படும், எல்லோரும் சம்மதித்தால் மட்டும்.

பார்த்தவர்கள் கருத்துச் சொல்வது எப்படி இருக்க வேண்டும்?

பார்த்ததை முதலில் சொல்லுங்கள், அர்த்தத்தைப் பிறகு. ‘நீ சோகமாக இருந்தாய்’ என்பது அர்த்தம். ‘உன் தலை தாழ்ந்தே இருந்தது, வலதுகை மட்டும் வாசலை நோக்கி மூன்றுமுறை போனது’ என்பது பார்த்தது. முதல் வகைக் கருத்தைக் கேட்ட நடிகர் அடுத்தமுறை சோகத்தை நடிப்பார். இரண்டாவதைக் கேட்டவர் தன் கை எங்கே போனது என்பதைத் தெரிந்துகொள்வார்.

1950-களில் மேரி ஸ்டார்க்ஸ் வைட்ஹவுஸ் தொடங்கிய ஆத்தென்டிக் மூவ்மென்ட் பயிற்சியில், ஒருவர் கண்களை மூடி உள்ளிருந்து எழும் உந்துதலைப் பின்தொடர்வார். மற்றவர் தீர்ப்புச் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சாட்சியின் பங்கை ஜேனட் ஆட்லர் பின்னர் விரிவாக வளர்த்தார். நடிப்பு வகுப்புகளில் நான் இதை மிகவும் மதிக்கிறேன். நன்றாகப் பார்க்கக் கற்றவர் நன்றாகப் பார்க்கப்படவும் கற்றுக்கொள்கிறார்.

‘அருமை’, ‘சுமார்’ ஆகிய இரண்டு சொற்களையும் அறையில் தடைசெய்துவிடலாம்.

பயிற்றுநர் நடுவில் பேசலாமா?

பேசலாம், குறைவாக. நாடக விளையாட்டுகளை வகுத்த ஆசிரியர் வயோலா ஸ்போலின் 1963-இல் வெளிவந்த தன் நூலில், நிகழ்ச்சியை நிறுத்தாமல் ஓரத்திலிருந்து குறிப்புக் கொடுக்கும் முறையை விளக்கியிருக்கிறார். குறிப்பு செயலாக இருக்க வேண்டும்: ‘தூரத்தைப் பாருங்கள்’, ‘பாதி வேகம்’, ‘முதுகால் கேளுங்கள்’. ‘உண்மையாக இருங்கள்’ என்றால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது.

இதையெல்லாம் ஒரு காட்சிக்குள் எப்படிக் கொண்டுபோவது?

பல வகுப்புகள் கைவிட்டுவிடும் இடம் இது. காலையில் உற்சாகமாக உருண்டு புரண்ட நடிகர்கள், மதியம் ஒத்திகை தொடங்கியதும் கையில் தாளோடு பழையபடி நின்றுவிடுவார்கள். நடுவே பாலம் இல்லை. பாலத்தைப் பயிற்றுநர்தான் கட்ட வேண்டும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். பரம்பரை வீட்டை விற்கலாம் என்று தம்பி கேட்க வந்திருக்கிறான், அண்ணனுக்கு விருப்பமில்லை. இரண்டு பேரும் வசனத்தைப் படித்திருக்கிறார்கள், இன்னும் மனப்பாடமாகவில்லை. தாளை வைத்துவிட்டு, ஒரே விதியோடு எழுந்து நிற்கச் சொல்லுங்கள்: தம்பி நெருங்க வேண்டும்; அண்ணன் இருவருக்கும் இடையே உள்ள தூரத்தை மாறாமல் காக்க வேண்டும். பேச்சு கிடையாது. பத்து நிமிடம் ஓடட்டும். அண்ணன் ஓடுவான், சுவரில் முட்டுவான், திரும்புவான். ஒரு கட்டத்தில், தான் நகராமலே ஒரு பார்வையால் தம்பியை நிறுத்த முடியும் என்று கண்டுபிடிப்பான். தம்பி, நேராகப் போனால் முடியாது, வளைந்து போகலாம் என்று கண்டுபிடிப்பான்.

இப்போது அதே விதியோடு வசனத்தைச் சேருங்கள். எந்த வரியில் தூரம் குறைகிறது, எந்த வரி தம்பியைப் பின்னே தள்ளுகிறது என்று அவர்கள் உடலுக்கே தெரிந்திருக்கும். இயக்குநர் ‘இந்த வரியில் இரண்டு அடி முன்னே வா’ என்று சொல்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்வையாளர் கடைசி வரிசையிலிருந்தும் உணர்வார்.

அடுத்து அளவைச் சுருக்குங்கள். முழு அறையில் செய்ததைப் பாதி அறையில். பிறகு இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி. பிறகு கண்களும் மூச்சும் மட்டும். அண்ணன் இப்போது நாற்காலியை விட்டு எழவே இல்லை, ஆனால் தம்பி முன்னே சாயும்போது அவன் விலாவுக்குள் ஏதோ பின்வாங்குவது தெரியும். நடிகரும் நடிப்பு ஆசிரியருமான மைக்கேல் செக்கோவ் 1953-இல் வெளியான தன் நூலில் விளக்கும் உளவியல் சைகையும் இந்த வழியில்தான் போகிறது: பாத்திரத்தின் அடிப்படை விருப்பத்தை முழு உடலாலும் பெரிய சைகையாகச் செய்து பார்த்துவிட்டு, பிறகு அதை வெளியே காட்டாமல் உள்ளே வைத்திருப்பது.

கிடைத்ததில் எதைப் பதிவுசெய்து நிலைநிறுத்துவது என்பது கடினமான முடிவு. எல்லாவற்றையும் நிலைநிறுத்தினால் இம்ப்ரவைசேஷன் செத்துப்போகும். எதையும் நிலைநிறுத்தாவிட்டால் ஒளியமைப்பாளரும் சக நடிகர்களும் தவிப்பார்கள். காட்சியின் சில திருப்பங்களை மட்டும் உறுதிசெய்து, அவற்றுக்கு இடையே போகும் வழியைத் திறந்துவிடுவதே என் பரிந்துரை. அண்ணன் எப்போது எழுந்திருப்பான் என்பது உறுதி. எப்படி எழுந்திருப்பான் என்பது அன்றைய தம்பியைப் பொறுத்தது.

கேமரா நடிப்புக்கு இது தேவையா? அங்கே அசையவே இடமில்லையே.

தேவை. நெருக்கமான ஷாட்டில் நடிகர் அசைய முடியாது என்பதாலேயே, அடக்கிய அசைவு உள்ளே உயிரோடு இருக்க வேண்டும். மேலே சொன்ன சுருக்கும் பயிற்சி கேமராவுக்கே செய்ததுபோல் பொருந்தும். கூடவே, குறித்த இடத்தில் நிற்பது, ஒரே செயலைப் பல டேக்குகளிலும் அதே வசன வரியில் செய்வது போன்ற கட்டுப்பாடுகளையும் ஸ்கோரின் விதிகளாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டால் அவை பாரமாக இருக்காது.

வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யலாமா?

செய்யலாம், ஆனால் பாதிதான் கிடைக்கும். மறுபாதிக்கு இன்னொரு மனிதர் வேண்டும். இருபது நிமிடம் ஒதுக்குங்கள். சில நிமிடம் அசையாமல் நின்று எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஒரே ஒரு விதியோடு அசையுங்கள்: இன்று முழங்கை மட்டும் வழிநடத்தும், அல்லது இன்று எல்லாம் நீடித்த நேரத்தில். நேரம் முடியும்வரை விதியை மாற்றக் கூடாது. சலிப்பு வரும். அந்தச் சலிப்பைத் தாண்டிய பிறகு வருவதற்காகத்தான் கடிகாரம் வைக்கிறோம். முடித்ததும் நினைவில் நின்ற ஓர் அசைவை இரண்டு வரியில் எழுதிவையுங்கள்.

முன்னேற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

அசைவு அழகாகிவிட்டதா என்று பார்க்காதீர்கள். தொடங்கியதை முடிக்கிறீர்களா, பாதியில் கைவிடுகிறீர்களா? சக நடிகர் எதிர்பாராததைச் செய்தால் தடுக்கிறீர்களா, அதை எடுத்துக்கொள்கிறீர்களா? சும்மா நிற்கத் துணிகிறீர்களா? இவற்றில் மாற்றம் வந்தால் பயிற்சி உள்ளே இறங்கிவிட்டது. வாரத்தில் பல முறை சிறிது சிறிதாகச் செய்பவர்களுக்கு, மாதம் ஒருமுறை நாள்முழுதும் பட்டறைக்குப் போகிறவர்களைவிட இது சீக்கிரம் வரும்.

எங்கள் குழுவுக்குப் பயிற்றுநர் இல்லை. நாங்களே தொடங்கலாமா?

தாராளமாக. நடை, நிறுத்தம், உடலின் ஒரு பகுதி வழிநடத்துவது, தூரம் காப்பது ஆகியவற்றை எந்தக் குழுவும் தானாகச் செய்யலாம். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒருவர் வெளியே நின்று நேரம் பார்த்து, விதியைச் சொல்லிவிட்டு, கவனிக்கட்டும். அடுத்த சந்திப்பில் இன்னொருவர். எடையைத் தூக்கும் பயிற்சிகள், தோளில் ஏறுவது, கண்மூடி ஓடுவது போன்றவற்றை மட்டும் அனுபவமுள்ள ஒருவர் வரும்வரை தள்ளிவையுங்கள். கண்ணாடிப் பயிற்சியை (ஒருவர் அசைய மற்றவர் பிம்பமாகப் பின்தொடர்வது) மெதுவாகத் தொடங்கி, யார் வழிநடத்துகிறார் என்பது இருவருக்குமே தெரியாமல் போகும்வரை கொண்டுபோங்கள். முதல் மாதத்துக்கு அது ஒன்றே போதும்.